பக்கத்து சீட்டில் துளசிமணி

செப்டம்பர் 3, ஞாயிறு

சென்னியப்பன் சார் வீட்டு நாற்றங்காலில் இன்று குழுக் கூட்டம். 'மகரந்தம் வீட்டுத் தோட்டக் குழு' என்று பெயர் வைத்து ஆறு வருஷம் ஆகிறது. சார் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியலும் தாவரவியலும் எடுத்து ஓய்வு பெற்றவர். குழுவில் இப்போது இருபத்தொரு பேர்.

இந்த மாதக் கடைசியில் மலைக்கு ஒரு சுற்றுலா. முதல் நாள் குன்னூர் சிம்ஸ் பூங்கா, இரண்டாம் நாள் ஊட்டி தாவரவியல் பூங்கா. "நம்ம தொட்டிச் செடிய மட்டும் பாத்துட்டு தோட்டக்காரங்கன்னு சொல்லிக்கறோம். நூறு வருசம் தாண்டின மரத்துக்கு அடியில ஒரு தடவ நின்னு பாக்கோணும்" என்றார் சார். ஒரு தாளைச் சுற்றி விட்டார். என் பெயரை எழுதி அடுத்தவரிடம் கொடுத்த பிறகுதான், எனக்கு இரண்டு வரி மேலே துளசிமணியின் பெயர் இருந்தது மனதில் பட்டது. தாளைத் திரும்ப வாங்கி அடிப்பது நன்றாக இருக்காது.

துளசிமணி என் பழைய சம்பந்தி. அவள் மகன் யுவராஜுக்குத்தான் என் மகள் பிருந்தாவைக் கட்டிக் கொடுத்தோம். மூன்று வருஷம். பிறகு ஒரு வயதுக் குழந்தையோடு பிருந்தா திரும்பி வந்தாள். பஞ்சாயத்து, கோர்ட், விவாகரத்து. யுவராஜ் இப்போது வெளியூரில். ஐந்து வருஷமாக நானும் துளசியும் பேசுவதில்லை. பையன் குடிப்பதை மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம் இது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் கரைசல் அடித்தேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

சுரைப் பந்தலுக்கு இரண்டு மூங்கில் மாற்றினேன். வேறு வேலையில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

பிருந்தா கோவையிலிருந்து பேசினாள். மித்ரா ஒன்றாம் வகுப்பில் ஓட்டப் போட்டியில் மூன்றாவதாக வந்தாளாம். சுற்றுலா பற்றிச் சொன்னேன்.

"அவங்களும் வராங்களா?"

"இருபத்தொரு பேரு வர்றாங்க."

"அம்மா, நான் கேட்டது அதில்ல."

"செடியப் பாக்கப் போறேன். ஆளப் பாக்க இல்ல" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். என்னுடைய இந்த மாதிரிப் பதில்கள் அவளுக்குப் பிடிக்கும்.

போனை வைத்த பிறகு பழசெல்லாம் ஓடியது. நான் பால் சொசைட்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த இருபது வருஷமும் துளசி தினம் காலையில் பால் கொண்டுவந்து ஊற்றுவாள். ஊற்றிவிட்டு என் மேசைக்கு வருவாள். ஒரு நாள் முல்லைக் குச்சி, ஒரு நாள் கனகாம்பர விதை, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பேச்சு. என் வீட்டு வாசலில் நிற்பதில் பாதி அவள் கொடுத்தது. சம்பந்தம் பேசலாம் என்று முதலில் எடுத்தவள் நான்தான். இதை எழுத வேண்டிய அவசியமில்லை. கை போய்விட்டது.

செப்டம்பர் 17, ஞாயிறு

அறைக்கு இரண்டு பேர். ஜோதிதான் பட்டியல் போட்டாள். தையல் கடை வைத்திருக்கும் பெண், குழுவின் வாட்ஸ்அப் முழுக்க அவள் பொறுப்பு. என்னைத் தன்னோடு போட்டுக்கொண்டாள். "அக்கா, உங்களுக்குச் சங்கடமாவற மாதிரி எதுவும் நடக்காம நான் பாத்துக்கறேன்" என்றாள். நல்ல பெண். எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லும் நல்ல பெண்.

செப்டம்பர் 23, சனி. ஊட்டி

விடியற்காலை ஐந்துக்கு பஸ். துளசி முதல் சீட். அவளுக்கு மலை வளைவுகளில் வாந்தி வரும். ஜோதியும் நானும் ஏழாவது வரிசை. மேட்டுப்பாளையத்தில் இட்லி. பர்லியாறு தாண்டியதும் பஸ்ஸுக்குள் எல்லோரும் வெற்றிலைக் கொடி மரத்தில் ஏறியிருப்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள்.

சிம்ஸ் பூங்கா சரிவில் இறங்கிக்கொண்டே போகிறது. வாசல் மேலே, குளம் கீழே. மரங்களில் பெயர்ப் பலகை. சார் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று பாடம் எடுத்தார். ருத்ராட்ச மரத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். காய் நீல நிறம். கழுத்தில் மாலையாகப் பார்த்த கொட்டைக்கு மேல் இப்படி ஒரு நீலத் தோல் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன். எல்லோரும் பெரணிக்கும் டாலியாவுக்கும் போட்டோ எடுத்தார்கள். எங்கள் ஊர் வெயிலில் இந்த டாலியா இரண்டு நாள் நிற்காது.

குளம் வரை இறங்கியது எளிது. ஏறும்போது துளசியால் முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. "நீங்கெல்லாம் போங்க. நான் மெதுவா வந்துக்கறேன்" என்றாள். சார், "தனியா வேண்டாமுங்க. யாராச்சும் ஒருத்தர் இருங்க" என்றார். ஜோதி என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், அதனால் நின்றேன். அவ்வளவுதான்.

அவள் ஒரு பெஞ்சில். நான் அடுத்த பெஞ்சில். குளத்தில் படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் இருக்கும்.

"மித்ராவுக்குப் பல்லு விழுந்துருச்சா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்து இல்லை, குளத்தைப் பார்த்து.

"ரெண்டு" என்றேன்.

ஐந்து வருஷத்தில் பேசியது இவ்வளவு. பிறகு ஏறினோம். அவள் பையை நான் வாங்கிக்கொண்டேன். கையைப் பிடிக்கவில்லை.

ஊட்டியில் குளிர். சாயங்காலம் ஆறுக்கே ஸ்வெட்டர் போட்டாயிற்று. ஜோதி, "உங்கள அவங்களோட விட்டுட்டு வந்ததுக்கு மன்னிச்சுக்கங்கக்கா" என்று மூன்று தடவை சொன்னாள்.

செப்டம்பர் 25, திங்கள். வீடு

நேற்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்குத் தாவரவியல் பூங்காவுக்குள் போனோம். புல்வெளி மட்டுமே எங்கள் ஊர் ஏரியைப் போல நாலு மடங்கு இருக்கும்போலத் தோன்றியது. கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். சார் அதன் வயதைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. "அட பலகையில போட்டிருக்குங்க!" என்று அவருக்கே கோபம் வந்தது.

மதியம் புல்வெளி ஓரம் வட்டமாக உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். பேச்சு நர்சரிகளைப் பற்றிப் போனது. யாரோ ஒருவர், வேரழுகல் இருந்த மாதுளங்கன்றைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொன்னார். ஜோதி உடனே, "நோவ மறைச்சு விக்கிறவங்க நர்சரியில மட்டுமாங்க இருக்காங்க? குடிகாரப் பையனயே மறைச்சுக் கட்டி வெச்சவங்க நம்ம கூட பஸ்ஸேறி வந்திருக்காங்க" என்றாள்.

ஜோதி என்னைப் பார்த்தாள், எனக்காகச் சொன்னேன் என்பதுபோல.

துளசியும் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. கோபமாக இல்லை. ஆள் இருக்கிறாளா இல்லையா என்று எட்டிப் பார்ப்பதுபோல.

நான் சோற்றிலிருந்த காய்ந்த மிளகாயை எடுத்து ஓரமாக வைத்தேன்.

அவள் பொட்டலத்தை மடித்தாள். எழுந்தாள். பூங்காவின் மேல்பக்கம் போகும் பாதையில் நடந்தாள். சார் மட்டும், "ஏனம்மா ஜோதி, இது தேவையா?" என்றார்.

மூன்று மணிக்கு பஸ். இரண்டரைக்கே மூடுபனி இறங்கிவிட்டது. இருபது பேர் வந்தாயிற்று, துளசி வரவில்லை. போன் அடித்தால் அது பஸ்ஸுக்குள் அவள் பையிலேயே அடித்தது. சாருக்கு முகம் மாறிவிட்டது. "முட்டிவலிக்காரம்மா, எங்கியாச்சும் விழுந்து கெடந்தா?" என்றார். ஜோதி அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தோம். நான் அவள் போன பாதையில் ஏறினேன். பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. "துளசி, துளசி" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஐந்து வருஷம். சத்தம் எனக்கே அன்னியமாகக் கேட்டது.

"இங்கதான் இருக்கேன். கத்தாத" என்று குரல் வந்தது.

பாதையோரத் திட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தலையைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

"எல்லாரும் தேடறாங்க. பஸ் நிக்குது."

"எந்திரிச்சேன். முட்டி மடங்க மாட்டீங்குது. பனி வேற. வழி தெரியல. செத்த நேரம் பொறு."

நானும் திட்டில் உட்கார்ந்தேன். கல் ஈரமாக இருந்தது.

"நீ ஏன் பஞ்சாயத்துல சொல்லல?" என்று கேட்டேன்.

"எத?"

"எதன்னு உனக்குத் தெரியும்."

இங்கே நிறுத்தி, நடந்ததை எழுதிவிடுகிறேன். எட்டு வருஷமாக இந்த நோட்டுகள் எதிலும் எழுதாதது.

கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை முற்பகல், துளசி என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தார். பிருந்தா பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போயிருந்தாள். துளசி உட்காரவில்லை. "சுலோ, பையன் குடிக்கறான். ஒரு வருசமா. நேத்து அவங்கப்பன் மேலயே கைய ஓங்கிட்டான். புள்ளகிட்ட கேளு. வேண்டாம்னா சொல்லு, இந்த நிமிசமே நிறுத்திப்போடறேன். பழி என்மேல வரட்டும்" என்றாள். நான், "கல்யாணம் ஆனா சரியாப் போவான். அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அவள் மறுபடியும், "புள்ளகிட்ட கேளு" என்றாள். கேட்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை. பிருந்தாவிடமும் இல்லை, அவரிடமும் இல்லை.

பஞ்சாயத்தில் பன்னிரண்டு பேருக்கு நடுவில் அவர், "ஏமாத்திக் கட்டி வெச்ச பொம்பள" என்று துளசியைச் சொன்னார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அன்றும் அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, "தப்புத்தானுங்க" என்றாள். அவர் மூன்று வருஷம் முன்னால் இறக்கும்வரை அதையே நம்பினார்.

மூடுபனியில் அவள் என்னிடம் சொன்னது இது:

"சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? கைப்புள்ளயத் தூக்கிட்டு பிருந்தா எங்க போயிருப்பா? என்ற ஊட்டுல அடி. உன்ற ஊட்டுலயும் இருக்க முடியாத மாதிரி நான் பண்ணிப்போட்டா, அவளுக்குப் போக்கிடம் ஏது?"

நான் திட்டிலிருந்த பாசியை நகத்தால் சுரண்டினேன்.

"உனக்காகப் பண்ணுனேன்னு நெனச்சுக்காத சுலோ. உன்மேல எனக்குக் கோவம் இல்லாம இல்ல. பெத்த பையன நான் வளத்த லட்சணத்துக்கு எனக்கு இது வேணும்னு இருந்தேன். ஆனா பேத்தியக் கண்ணுலயே காட்டாம வெச்சிருக்கீங்க பாரு. அதுக்கு நான் என்ன பண்ணுனேன்?"

நான் எழுந்து அவள் கையைப் பிடித்தேன். இந்தத் தடவை பையை இல்லை, கையை. படிப்படியாக இறங்கினோம். வழியில் இரண்டு இடத்தில் நின்றோம்.

பஸ்ஸில் என் பையை ஏழாவது வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னால் வந்து துளசி பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்ற எல்லோரும் பார்த்தார்கள். ஜோதி, "அக்கா?" என்றாள். அங்கேயே சொல்லிவிடலாம் என்று வந்தது. ஆனால் இதை முதலில் கேட்க வேண்டியவள் ஜோதி இல்லை.

கோத்தகிரி வழியாக இறங்கினோம். துளசி வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

களை எடுத்தேன். பிருந்தாவுக்குப் போன் செய்யவில்லை.

செப்டம்பர் 28, வியாழன்

அவளே கூப்பிட்டாள். டாலியாவைப் பற்றி, குளிரைப் பற்றி, கல்மரத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். காந்தி ஜெயந்தி லீவுக்கு வருகிறாளாம்.

அக்டோபர் 1, ஞாயிறு

நேற்று சாயங்காலம் வந்தார்கள். இன்று காலை மித்ராவை டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு, பிருந்தாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டேன். அவள் கையில் காபி டம்ளர். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எட்டு வருஷம் வைத்திருந்ததைச் சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"எத்தன நாள் முன்னாடி?" என்றாள்.

"எட்டு நாள்."

"எட்டு நாள் இருந்துச்சு" என்றாள். கேள்வியாக இல்லை. டம்ளரைத் துணி துவைக்கும் கல்லில் வைத்தாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏம்மா?"

பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் பதில் இருந்தது. எல்லாம் பொய் இல்லை. ஆனால் முழுக்க நிஜமும் இல்லை. "நீ ரெண்டு தெரு தள்ளி இருப்பேன்னு நெனச்சேன். துளசி ஊட்டுல. தினமும் வந்து பாத்துட்டுப் போலாம்னு. எனக்கு அது வேண்டியிருந்துச்சு" என்றேன்.

"என் கை ஒடஞ்சப்போ நீதான் ஆஸ்பத்திரிக்கு வந்த. அப்பவும் சொல்லல."

"சொல்லல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன். பன்னிரண்டரை பஸ்ஸுக்கு மித்ராவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாளைக்கு லீவு. மித்ரா, "ஏம்மா இன்னிக்கே?" என்று பஸ் ஸ்டாப் வரை கேட்டுக்கொண்டே போனாள்.

மதியத்துக்குச் செய்த அரிசிம்பருப்புச் சோற்றை மாட்டுக்கு வைத்தேன்.

அக்டோபர் 4, புதன்

போன் இல்லை.

அக்டோபர் 6, வெள்ளி

நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கத்தரி நாற்று பிடுங்கி நட்டேன். முப்பத்தாறு.

அக்டோபர் 8, ஞாயிறு

குழுக் கூட்டம். சுற்றுலாவில் என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார் சார். என் முறை வந்ததும் எழுந்தேன். உட்கார்ந்துகொண்டே சொல்லக்கூடிய விஷயமில்லை.

"தோட்டத்தப் பத்தி இல்லீங்க சார். ஜோதி அங்க சொன்னது தப்பு. துளசிமணி எதையும் மறைக்கல. கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னாங்க. மறைச்சது நான். பிருந்தாகிட்ட சொல்லிட்டேன். உங்களுக்கும் தெரியோணும்."

துளசி பின்வரிசையில் இருந்தாள். "இத இங்க எதுக்குச் சொல்ற?" என்று முணுமுணுத்தாள். ஜோதி துளசியிடமும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. கையிலிருந்த பேனாவை மூடி மூடித் திறந்தாள். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாருங்க?" என்றார். அதற்காக அவரை நினைத்து நன்றியாக இருந்தது.

வெளியே வரும்போது என் இரண்டு பக்கமும் ஆட்கள் விலகி நடந்தார்கள். ஐந்து வருஷம் துளசி இப்படித்தான் நடந்திருப்பாள்.

அக்டோபர் 11, புதன்

பிருந்தாவிடமிருந்து ஒரு வரி: "அத்தை நம்பர் அனுப்பு." அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. வேறு எதுவும் இல்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

துளசி பால்காரப் பெண்ணிடம் முருங்கைக்கீரை கொடுத்தனுப்பியிருந்தாள். சொல் ஒன்றும் இல்லை. கீரை மட்டும். பொரியல் செய்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

காலையில் மழை. பத்தரைக்கு ஜோதி போன் செய்தாள். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "அக்கா, உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. பிருந்தாவும் பாப்பாவும் பஸ்ஸுல இருந்து இறங்கிப் போறாங்க. துளசிக்கா ஊட்டுப் பக்கம்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு அவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியலீங்கக்கா" என்றாள். "நேராப் போயிப் பேசு" என்றேன். வேறென்ன சொல்ல?

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மூன்று பேருக்கு உலை வைத்தேன். பருப்பு, ரசம், சுரைக்காய்ப் பொரியல். பன்னிரண்டுக்கு முடிந்துவிட்டது. ஒரு மணி. இரண்டு மணி. வாசலில் இரண்டு தடவை போய் நின்றேன். இரண்டு தெருதான். நடந்தால் நாலு நிமிஷம். நான் போகக் கூடாது என்று தெரிந்தது. மூன்றரைக்கு, இரண்டு மணி பஸ்ஸிலேயே திரும்பிப் போயிருப்பார்கள் என்று முடிவு செய்து, எனக்கு மட்டும் தட்டு எடுத்தேன். சாப்பிடவில்லை.

நாலு மணிக்குப் படலைத் தள்ளும் சத்தம். மித்ராதான் முதலில் ஓடி வந்தாள். தலை சீவி இறுக்கமாக இரட்டைச் சடை போட்டிருந்தது. பிருந்தாவுக்கு அப்படிப் பின்ன வராது.

"அம்மிச்சி, எனக்கு ஒரு அப்பத்தா இருக்காங்க. உனக்குத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு" என்றேன்.

பிருந்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"அத்தை சாப்பிடச் சொன்னாங்க. இவ சாப்பிட்டா. எனக்கு அந்த ஊட்டுல சோறு எறங்கல" என்றாள். பிறகு, "உங்கிட்டப் பேச எனக்கு இன்னும் வரலம்மா. எப்ப வரும்னும் தெரியல. இப்பப் பசிக்குது."

தட்டு வைத்தேன். சோறு போட்டேன். அவள் தலை குனிந்து சாப்பிட்டாள். நான் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பாதியில் தட்டை என் பக்கம் நகர்த்தி, "ரசம் கொஞ்சம் ஊத்து" என்றாள்.

ஊற்றினேன்.